ஒரே பகலில் தில்லி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த பயணக் கேள்விகளில் பெரும்பாலானவை தில்லியைப் பற்றியவை. காசிக்கோ ஹரித்துவாருக்கோ அமிர்தசரஸுக்கோ போகிறவர்கள் வண்டி மாறுவதற்காகத் தலைநகரில் ஒரு பகலைக் கழிக்க நேர்கிறது. அந்த ஒரு பகலை என்ன செய்வது என்பதே எல்லாருடைய கவலையும். ஐந்து கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: காலாண்டு விடுமுறையில் நானும் என் கணவரும், எட்டாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகளும், 68 வயதான என் மாமியாரும் ஹரித்துவார் செல்கிறோம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒரு புதன்கிழமை காலை புது தில்லியில் இறங்கி, அன்றிரவே ஹரித்துவாருக்கு வண்டி ஏறுகிறோம். இடைப்பட்ட பகலில் செங்கோட்டை, ஜும்மா மசூதி, ராஜ்காட், பிர்லா மந்திர், குடியரசுத் தலைவர் மாளிகை, இந்தியா கேட், ஹுமாயூன் சமாதி, தாமரைக் கோயில், குதுப் மினார், அக்ஷர்தாம், கரோல்பாக் கடைத்தெரு என்று பதினோரு இடங்களைக் காட்டுவதாக ஒரு வாடகைக் கார்க்காரர் பட்டியல் அனுப்பியிருக்கிறார். இது நடக்கக்கூடியதா? மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு.
(இல்லத்தரசி, திண்டுக்கல்)

பதில்: பதினோரு இடங்களின் வாசலையும் காரிலிருந்து பார்ப்பது நடக்கக்கூடியதுதான், உள்ளே போய்ப் பார்ப்பது நடக்காது. நான் தில்லியில் வேலை பார்த்த காலத்தில், ஊரிலிருந்து வந்த என் பெற்றோரை இப்படித்தான் ஒரே நாளில் ஒன்பது இடங்களுக்கு அழைத்துச் சென்றேன். இரவு வீட்டுக்கு வந்ததும், எது பிடித்திருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். "ஏறுங்க, இறங்குங்கன்னு நீ சொன்னதுதான் காதுல நிக்குது" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் உங்களுக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தில்லி ஓர் ஊரன்று. வெவ்வேறு காலத்து அரசர்கள் வெவ்வேறு இடத்தில் எழுப்பிய ஏழு நகரங்கள் என்று மரபாகச் சொல்வார்கள். அவற்றுக்குப் பிறகு ஆங்கிலேயர் கட்டியது புது தில்லி. செங்கோட்டை வடக்கே இருக்கிறது, குதுப் மினார் தெற்கே பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, அக்ஷர்தாமோ யமுனைக்குக் கிழக்கே இருக்கிறது. கைப்பேசியையும் பையையும் ஒப்படைத்துவிட்டு வரிசையில் நின்று உள்ளே போய்த் திரும்பவே அக்ஷர்தாமுக்கு அரை நாள் வேண்டும். ஆகவே பட்டியலிலிருந்து எதை எடுப்பது என்று பார்ப்பதைவிட, நகரின் எந்தப் பக்கத்தை எடுப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். உங்களுக்கு நான் சொல்வது தெற்கும் நடுவும்: காலையில் குதுப் மினார், நண்பகலுக்கு முன் காந்தி ஸ்மிருதி, மாலையில் ஹுமாயூன் சமாதி, பொழுது சாயும்போது இந்தியா கேட். செங்கோட்டையை இந்த முறை விட்டுவிடுங்கள்.

வண்டி சரியான நேரத்துக்கு வந்தால் ஏழு மணிக்குள் இறங்கிவிடுவீர்கள். ஒரு மணி நேரம் தாமதமாகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். புது தில்லி நிலையத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. முதலாம் நடைமேடைப் பக்கம் பஹாட்கஞ்ச், பதினாறாம் நடைமேடைப் பக்கம் அஜ்மீரி கேட். மெட்ரோ நிலையம் அஜ்மீரி கேட் பக்கம் இருப்பதால் அங்கேயே வெளியேறுங்கள். குளித்து உடைமாற்ற நிலையத்திலேயே கட்டணக் காத்திருப்புக் கூடம் இருக்கிறது. பெட்டிகளைப் பொருள் காப்பறையில் வைக்கும்போது ஒவ்வொன்றும் பூட்டியிருக்க வேண்டும். பூட்டு இல்லாத பையை அங்கே வாங்கமாட்டார்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே சிறு பூட்டுகளை வாங்கி வையுங்கள், பயணச்சீட்டையும் கையில் வைத்திருங்கள். "உங்கள் முன்பதிவு ரத்தாகிவிட்டது, அரசுச் சுற்றுலா அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறேன்" என்று யாராவது நெருங்கினால், பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள். அந்த நிலையத்தில் இது நெடுங்கால ஏமாற்று.

காரை விட்டுவிட்டு மெட்ரோவில் போகச் சொல்வதற்குக் காரணம் பணம் மட்டுமன்று. காலை எட்டரைக்குமேல் தில்லிச் சாலைகளில் நேரத்துக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. மஞ்சள் வழித்தடம் புது தில்லியிலிருந்து வண்டி மாறாமல் குதுப் மினார் நிலையம் வரை போகிறது. லிஃப்ட் உண்டு என்பதால் உங்கள் மாமியாருக்கும் சிரமம் இருக்காது. நிலையத்திலிருந்து நினைவுச்சின்னம் சிறிது தூரம், ஆட்டோ கிடைக்கும். ஆட்டோவில் மூவருக்குத்தான் அனுமதி என்பதால் ஐந்து பேருக்கு இரண்டு ஆட்டோ அல்லது செயலி வழியாக ஒரு டாக்சி பிடிக்க வேண்டியிருக்கும். தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. பெரியவர்களுக்கான சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம்.

குதுப் மினாரில் ஒன்றரை மணி நேரம் இருங்கள். குத்புதீன் ஐபக் தொடங்கி, இல்துமிஷ் உயர்த்தி, இடி விழுந்து சிதைந்த உச்சியை 1368-இல் ஃபிரோஸ் ஷா துக்ளக் சீர்செய்த கோபுரம் அது. உயரம் ஏறத்தாழ 73 மீட்டர். 1981-இல் உள்ளே நெரிசலில் பலர் இறந்த பிறகு படிக்கட்டை மூடிவிட்டார்கள், ஆகவே ஏற முடியவில்லையே என்று பிள்ளைகள் ஏங்க வேண்டாம். அவர்களை இரும்புத் தூணின் அருகே அழைத்துச் செல்லுங்கள். ஏழு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரம், ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடை, ஏறத்தாழ 1,600 ஆண்டு வயது. மழையிலும் வெயிலிலும் திறந்த வெளியில் நிற்கிறது. இரும்பில் கலந்திருக்கும் பாஸ்பரஸின் அளவு மிகுதி என்பதால் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகித் துருவைத் தடுத்துவிட்டது என்று உலோகவியலாளர் விளக்குகிறார்கள். தூணில் குப்தர் காலப் பிராமி எழுத்தில் வெட்டிய வடமொழிக் கல்வெட்டு, சந்திரன் என்ற அரசன் விஷ்ணுவுக்கு நாட்டிய கொடிமரம் இது என்கிறது. அந்த அரசன் இரண்டாம் சந்திரகுப்தன் என்பது பெரும்பாலோர் கருத்து. இன்னொன்றையும் காட்டுங்கள்: தூணில் ஆள் உயரத்துக்குக் கீழே ஒரு பட்டைப் பகுதி மட்டும் தேய்ந்து பளபளக்கும். முதுகைத் தூணில் சாய்த்து, கைகளைப் பின்னால் வளைத்துக் கோத்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்று நம்பித் தலைமுறை தலைமுறையாக மக்கள் தழுவியதால் வந்த தேய்மானம் அது. 1997-இல் வேலி போட்டுவிட்டார்கள்.

சுற்றியுள்ள மண்டபத் தூண்களையும் உங்கள் மாமியார் நின்று பார்க்கட்டும். சங்கிலியில் தொங்கும் மணிகள், பூரண கும்பம், கொடி வேலைப்பாடு என்று நம்மூர்க் கோயில் மண்டபத்தில் கண்டவையாகவே இருக்கும். 27 கோயில்களின் கற்களைக் கொண்டு, மினாரை ஒட்டியுள்ள இந்தப் பழைய பள்ளிவாசல் எழுந்தது என்று கிழக்கு வாயிலில் உள்ள பாரசீகக் கல்வெட்டே சொல்கிறது. பிள்ளைகளுக்கு அதை மறைக்கவும் வேண்டாம், கோபத்தோடு சொல்லவும் வேண்டாம். கல்லில் இருப்பதை இருக்கிறபடி வாசித்துக் காட்டினால் போதும். தரை பெரும்பாலும் சமதளமானது.

பதினொன்றரை மணிக்கு மீண்டும் மஞ்சள் வழித்தடத்தில் ஏறி லோக் கல்யாண் மார்க் நிலையத்தில் இறங்கினால், தீஸ் ஜனவரி மார்கில் உள்ள காந்தி ஸ்மிருதிக்கு ஆட்டோவில் சில நிமிடம். கார்க்காரரின் பட்டியலில் இது இல்லை, பெரும்பாலான பட்டியல்களில் இருப்பதில்லை, கட்டணமும் கிடையாது. நான் ஒரே ஓர் இடத்தைத்தான் காட்டலாம் என்றால் இதைத்தான் காட்டுவேன். பிர்லா மாளிகை என்று அறியப்பட்ட இந்த வீட்டில் காந்தி தம் கடைசி 144 நாள்களைக் கழித்தார். தரையில் விரித்த படுக்கை, தாழ்ந்த எழுதுமேசை, கைத்தடி என்று அவர் அறை அப்படியே இருக்கிறது. அந்த அறையிலிருந்து தோட்டத்துப் பிரார்த்தனைத் திடலுக்கு 1948 ஜனவரி 30 மாலை அவர் நடந்த வழி முழுவதும் பாதச் சுவடுகளைக் கல்லில் அமைத்து வைத்திருக்கிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாக அந்தச் சுவடுகளின் ஓரமாகவே நடந்து வாருங்கள். படேலுடன் பேசிக்கொண்டிருந்ததில் பிரார்த்தனைக்குச் சில நிமிடம் தாமதமாகிவிட்டது, அதனால் அன்று அவர் வேகமாக நடந்தார். புல்வெளியில் ஓரிடத்தில் சுவடு நின்றுவிடுகிறது. அங்கே ஒரு கல்தூண் இருக்கிறது. நேரம் 5 மணி 17 நிமிடம். நான் பார்த்த அளவில், எவ்வளவு துறுதுறுப்பான பிள்ளையும் அந்தக் கடைசிச் சுவட்டருகே கேள்வி எதுவும் கேட்காமல் நின்றுவிடுகிறது.

சாப்பாட்டுக்கு அசோகா சாலையில் உள்ள ஆந்திர பவன் உணவகத்துக்குப் போகலாம். சோறு, பருப்புப்பொடி, நெய், ரசம், தயிர் என்று இரண்டு நாள் ரயில் உணவுக்குப் பிறகு நாக்குக்கு இதமாக இருக்கும். ஒரு மணிக்குக் கூட்டம் நெருக்கும், காத்திருக்க வேண்டியிருக்கும்.

மூன்று மணியளவில் ஹுமாயூன் சமாதி. ஹுமாயூனின் மனைவி 1560-களில் பாரசீகக் கட்டடக் கலைஞரைக் கொண்டு எழுப்பியது. தாஜ்மகாலுக்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு மூத்தது. சமாதி நிற்கும் மேடை உயரமானது; அதற்கு ஏறும் படிகள் செங்குத்தானவை, படிக்குப் படி உயரமும் அதிகம். உங்கள் மாமியார் ஏற வேண்டாம். அவருக்கு அது இழப்பும் அன்று, ஏனெனில் அந்த இடத்தின் அழகில் பாதி கீழேதான் இருக்கிறது: சதுரத்தை நான்காகவும், அவற்றை மேலும் சிறு சதுரங்களாகவும் பிரிக்கும் நீர்க்கால்வாய்கள், வேப்ப மரங்கள், நிழல். என் பெற்றோர் இரண்டாம் முறை வந்தபோது இங்கு மட்டும்தான் போனோம். அப்பா ஒரு மரத்தடியில் அமர்ந்து, சிவப்புக் கல் வெயில் இறங்க இறங்க நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மட்டும் ஒரு செய்தி: 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஒடுங்கியபோது கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜஃபர் ஒளிந்திருந்து பிடிபட்டது இங்கேதான். ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு 1862-இல் அங்கேயே இறந்தார்.

ஐந்தரைக்குமேல் கிளம்பி இந்தியா கேட் வந்தால் விளக்கேற்றும் நேரம். 42 மீட்டர் உயரமுள்ள அந்த வளைவின் கல்லில் வீரர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அதன் பின்னால் 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில், விடுதலைக்குப் பின் உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் வட்டச் சுவர்களில் பொன்னிறத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. மதராஸ் படைப்பிரிவின் பெயர்களை உங்கள் பிள்ளைகள் தேடட்டும், கண்டுபிடித்துவிடுவார்கள். ஏழரை மணிக்கு மத்தியச் செயலகம் மெட்ரோவில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் புது தில்லி.

கடைசியாக ஒன்று, மிக முக்கியம். தில்லியில் புது தில்லி, பழைய தில்லி எனப்படும் தில்லி சந்திப்பு, ஹஸ்ரத் நிஜாமுதீன், ஆனந்த் விஹார் என்று பெரிய நிலையங்கள் நான்கு. ஹரித்துவார் வண்டி எதிலிருந்து புறப்படுகிறது என்பதைச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். தில்லி சந்திப்பு என்றிருந்தால் பெட்டிகளை எடுத்துக்கொண்டு மஞ்சள் வழித்தடத்தில் இரண்டாவது நிறுத்தமான சாந்தினி சௌக்கில் இறங்குங்கள். அங்கிருந்து நடை தூரம்தான்.

கேள்வி: வேலைக்கான நேர்காணல் செவ்வாய்க்கிழமை. முந்தின நாளே தில்லி சேர்ந்துவிடுவேன். திங்கட்கிழமை முழுவதும் ஓய்வு. செங்கோட்டையும் தேசிய அருங்காட்சியகமும் பார்க்க ஆசை.
(பொறியியல் பட்டதாரி, திருநெல்வேலி)

பதில்: இரண்டுமே திங்கட்கிழமை விடுமுறை. தாமரைக் கோயில், அக்ஷர்தாம், காந்தி ஸ்மிருதி, தீன்மூர்த்தியில் உள்ள பிரதமர்கள் அருங்காட்சியகம் ஆகியவையும் அன்று மூடியிருக்கும். தில்லிக்கு ஒரு நாள் மட்டும் ஒதுக்குகிறவர்கள் அது திங்களாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை இந்தப் பக்கத்தைப் படிக்கும் எல்லாருக்கும் சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்கோ வேறு வழியில்லை. ஆனால் குதுப் மினார், ஹுமாயூன் சமாதி, ஜும்மா மசூதி, லோதி தோட்டம், 1724-இல் ஜெய்ப்பூர் அரசர் ஜெய்சிங் எழுப்பிய ஜந்தர் மந்தர் வானியல் கூடம் ஆகியவை திங்களன்றும் திறந்திருக்கும். கன்னாட் பிளேஸ் அருகே சீக்கியர் வழிபாட்டிடமான பங்களா சாஹிப் குருத்வாரா இருக்கிறது. தலையை மூடிக்கொண்டு, காலைக் கழுவி உள்ளே போய்க் குளக்கரையில் சிறிது நேரம் உட்காருங்கள். லங்கர் எனப்படும் பொதுப் பந்தியில் வரிசையில் அமர்ந்து சாப்பிடுங்கள். யார், எந்த ஊர், என்ன சாதி என்று ஒருவரும் கேட்பதில்லை. நேர்காணலுக்கு முந்தின நாள் மனம் அமைதியாக இருப்பதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கேள்வி: நாங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியைகள், சகோதரிகள். எங்கள் தந்தை மலாயாவில் நேதாஜியின் படையில் இருந்தவர். செங்கோட்டையைப் பார்க்காமல் தில்லியைப் பார்த்ததாக எண்ண மாட்டோம். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது.
(கோயம்புத்தூர்)

பதில்: திண்டுக்கல் வாசகிக்குச் சொன்னதற்கு நேர்மாறாக உங்களுக்குச் சொல்கிறேன்: குதுப் மினாரை விட்டுவிடுங்கள், நாள் முழுவதும் பழைய தில்லியிலேயே இருங்கள். வயலெட் வழித்தடத்தில் லால் கிலா நிலையம் கோட்டைக்கு அருகிலேயே இருக்கிறது. காலையில் திறந்ததும் லாகூர் வாயில் வழியாக உள்ளே போனால் வெயிலும் கூட்டமும் குறைவு. 1648-இல் ஷாஜகான் கட்டி முடித்த கோட்டை. திவான்-இ-காஸ் மண்டபத்திலிருந்த மயிலாசனத்தை 1739-இல் நாதிர் ஷா எடுத்துச் சென்றுவிட்டார், இப்போது வெறும் பளிங்குத் தரைதான் மீந்திருக்கிறது.

உங்கள் தந்தையின் நினைவாக நீங்கள் நிற்க வேண்டிய இடம் வேறு. இந்திய தேசிய ராணுவத்தின் ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர்மீதும் 1945-இன் இறுதியில் ஆங்கிலேயர் விசாரணை நடத்தியது இந்தக் கோட்டைக்குள்தான். நாடே கொதித்தெழுந்தது, வழக்கறிஞர் அங்கியை நெடுங்காலத்துக்குப் பின் அணிந்துகொண்டு அந்த மூவரின் தரப்பில் நேருவும் வந்து அமர்ந்தார். அந்த மூவரில் பிரேம் சாகலை மணந்தவர்தான் பெண்களின் ஜான்சி ராணிப் படையை நடத்திய, சென்னையில் மருத்துவம் படித்த கேப்டன் லட்சுமி. மலாயாத் தோட்டங்களிலிருந்து அந்தப் படைக்குப் போன தமிழர் ஏராளம் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019-இல் கோட்டைக்குள் நேதாஜிக்கும் அந்தப் படைக்கும் ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். மற்ற மண்டபங்களுக்கு நேரம் போதாவிட்டாலும் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தந்தையின் படம் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கோட்டைக்கு எதிரே சாந்தினி சௌக். ஷாஜகானின் மகள் ஜகனாரா வகுத்த கடைவீதி. பகலில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லாததால் சைக்கிள் ரிக்‌ஷாவில் அமர்ந்து முழு நீளமும் போகலாம்; பேரம் பேசி, போய்வர எவ்வளவு என்று ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சமண லால் மந்திரில் பறவைகளுக்கென்று ஒரு மருத்துவமனை நடக்கிறது. தெருவின் மறுகோடியில் காரி பாவ்லி மசாலாச் சந்தை. வற்றல் மிளகாய் மூட்டை பிரித்த நெடியில் எல்லாரும் தும்மிக்கொண்டே நடப்பார்கள், மூக்கை மூடக் கைக்குட்டை வேண்டும். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை.

கேள்வி: பொங்கல் விடுமுறையில் தில்லி போகலாமா? ஒரு நாள்தான் அங்கே தங்குகிறோம்.
(வணிகர், காரைக்குடி)

பதில்: ஜனவரியில் மூடுபனியால் வண்டிகளும் விமானங்களும் மணிக்கணக்கில் தாமதமாகும். உங்களிடம் இருப்பது ஒரே நாள்; அதில் பாதி நடைமேடையில் போய்விடலாம். குடியரசு நாள் ஒத்திகைக்காக இந்தியா கேட்டைச் சுற்றிச் சாலைகளும் அடைபடும். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். அப்போது குடியரசுத் தலைவர் மாளிகையின் தோட்டமும் மக்களுக்குத் திறந்திருக்கும். மே, ஜூன் வெயிலைப் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். தீபாவளியை ஒட்டிய வாரங்களில் புகைமூட்டம், ஆஸ்துமா உள்ளவர்கள் போகவே கூடாது.

கேள்வி: புதிய நாடாளுமன்றத்தில் செங்கோலைப் பார்க்க முடியுமா? அன்றைக்கே மலை மந்திரில் முருகனையும் தரிசிக்க வேண்டும்.
(வாசகர், மயிலாடுதுறை)

பதில்: 1947-இல் திருவாவடுதுறை ஆதீனம் நேருவிடம் அளித்த செங்கோல், 2023 மே 28 அன்று மக்களவையில் நிறுவப்பட்டது. நீங்கள் அந்த ஊர்ப் பக்கத்துக்காரர் என்பதால் ஆசை புரிகிறது. ஆனால் உள்ளே போக அனுமதிச்சீட்டு வேண்டும், அதற்கு உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் பயணத்துக்கு வெகு முன்னரே எழுத வேண்டும். குடியரசுத் தலைவர் மாளிகைக்கும் முன்பதிவு தேவை.

ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர் எளிது. 1973-இல் குடமுழுக்குக் கண்ட சுவாமிநாதன் கோயில். 'யாமிருக்க பயமேன்' என்ற தமிழ் எழுத்து குன்றின்மேல் தொலைவிலிருந்தே தெரியும். நம்மூரைப் போலவே நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். தில்லித் தமிழ்ச் சங்கமும் அதே ராமகிருஷ்ணபுரத்தில்தான் இருக்கிறது.